டெர்பிக்காரனின் நாக்கு

லண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் பாஃப்டா விருது விழாவில், பொதுமக்களின் வாக்கால் முடிவாகும் பரிசு ஒன்று உண்டு. வளர்ந்து வரும் நட்சத்திரத்துக்கான பரிசு. 2015 பிப்ரவரியில் அதற்குப் போட்டியிட்ட ஐந்து பேரில் மார்கோ ராபியும் மைல்ஸ் டெல்லரும் இருந்தார்கள். வென்றவர் ஜாக் ஓ'கானல் என்ற 24 வயது இளைஞர். டெர்பி நகரத்துக்காரர். ரயில் பெட்டிகளும் விமான இன்ஜின்களும் செய்கிற ஊர் அது. அப்பா அயர்லாந்திலிருந்து வந்தவர், ரயில் தொழிலாளி. மகனுக்கு 18 வயதாக இருந்தபோது இறந்துவிட்டார். பக்கத்து ஊரான நாட்டிங்ஹாமில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லித் தரும் டெலிவிஷன் ஒர்க்‌ஷாப் என்ற பட்டறைதான் ஓ'கானலுக்கு நடிப்புப் பள்ளி.

அந்தப் பரிசுக்கு முந்தைய ஏழெட்டு ஆண்டுகளில் அவர் நடித்த படங்களை வரிசையாகப் பார்த்தால் அடிதடி, ரத்தம், சிறை, துப்பாக்கி. எல்லாம் சின்னப் படங்கள். பிரிட்டனில் இப்படிப்பட்ட படங்களுக்குப் பணம் வரும் வழியே வேறு. 1982-ல் தொடங்கிய சேனல் 4 தொலைக்காட்சி படங்களுக்கு முதல் போட்டது. 1995 முதல் லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கு சினிமாவுக்கு வந்தது. நம் ஊரில் லாட்டரியால் குடும்பங்கள் அழிந்த கதைதான் கேட்டிருக்கிறேன். படம் எடுக்கவும் அது உதவும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நான் இவற்றைப் பார்க்க ஆரம்பித்தது காதுக்காக. மொழிபெயர்ப்பும் பத்திரிகை வேலையுமாகக் காலம் தள்ளுகிறவன் நான். படித்தது தமிழ் எம்.ஏ. பிறந்து வளர்ந்தது ஆனேக்கல். பெங்களூர் நகர மாவட்டத்தில் இருந்தாலும் பெங்களூராக இன்னும் முழுதாக மாறாத ஊர். ஒருபுறம் பன்னேர்கட்டா காடு, மறுபுறம் ஒசூருக்குப் போகிற சாலை. கடைத்தெருவில் பத்தடி நடப்பதற்குள் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் காதில் விழும். தர்மராயர் கோயிலில் கரகம் எடுக்கும் திகளர்கள் வீட்டில் பேசுவதைக் கேட்டால் எது தமிழ், எது கன்னடம் என்று பிரித்துக் கோடு போட என் எம்.ஏ. போதாது. "ஆமேலே வர்றேன்", "பேகனே வா" என்று வளர்ந்தவன், மேல்படிப்புக்குச் சென்னை விடுதியில் போய்ச் சேர்ந்தபோது அறைத் தோழர்களுக்கு ஆறு மாதம் பொழுதுபோக்காக இருந்தேன். நான் வாயைத் திறந்தால் சிரிப்பு. தொல்காப்பியம் படிக்க வந்தவனின் தமிழ் இது. அதனால் யாராவது தன் ஊர் நாக்கோடு பேசினால் எனக்குக் காது தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

ஓ'கானலின் நாக்கு டெர்பி நாக்கு. மத்திய இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பேச்சு. அந்தப் பக்கத்தில் வயதான பெண்மணிகள் முன்பின் தெரியாதவரையும் 'மீ டக்' என்று அழைப்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'என் வாத்தே'. கோயமுத்தூரில் 'கண்ணு' என்பது மாதிரி. இதை லண்டன் மேட்டுக்குடிகள் காதில் போட்டால் பட்டிக்காடு என்பார்கள். பிரிட்டனில் ஒருவர் வாயைத் திறந்த மறுகணமே அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். நாம் பெயரையும் ஊரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முயல்வதை அவர்கள் உச்சரிப்பிலேயே தெரிந்துகொள்கிறார்கள்.

முதல் படம் ஷேன் மெடோஸின் 'திஸ் ஈஸ் இங்லண்ட்' (2006). ஃபாக்லாந்து யுத்தத்தில் அப்பாவை இழந்த சிறுவன் மொட்டைத்தலை இளைஞர் கூட்டத்தில் சேர்ந்து, அங்கிருந்து இனவெறிக் கும்பலின் கைக்குப் போகிற கதை. 1983-ல் நடக்கிறது. ஓ'கானலுக்கு அதில் சின்ன வேடம். அடுத்தது 'ஈடன் லேக்' (2008). திகில் படம். ஏரிக்கரைக்கு வார விடுமுறைக்குப் போகிற நாகரிகமான ஜோடியை உள்ளூர்ப் பையன்கள் வேட்டையாடுகிறார்கள். பையன்களின் தலைவன் ப்ரெட் வேடம் ஓ'கானலுக்கு. நிஜமாகவே பயப்பட வைக்கிறார். ஆனால் பேய் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் படம் வைத்திருப்பது ஏழைத் தெருப் பையனை. அவன் பேசுகிற விதமே திகில். உழைக்கும் வர்க்கத்தைப் பூதமாகக் காட்டுவதைப் பற்றி ஓவன் ஜோன்ஸ் 2011-ல் எழுதிய 'சாவ்ஸ்' என்ற நூலில் இந்தப் படத்துக்கும் சாட்டையடி உண்டு. அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனாலும் ப்ரெட்டின் முகத்தை மறக்க முடியவில்லை. மற்ற பையன்களைக் கொடுமை செய்யத் தூண்டிவிட்டு அதைக் கைபேசியில் படம் பிடிக்க வைக்கும்போது அவன் கண்ணில் தெரிகிற பயம் திரைக்கதையில் எழுதப்பட்டதா, நடிகர் கொண்டுவந்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

'ஹாரி பிரவுன்' (2009) இன்னும் சுவாரசியம். அதில் கதாநாயகன் மைக்கேல் கெய்ன். தெற்கு லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காஸில் பக்கத்தில் வளர்ந்த காக்னி. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் பெரிய படம் 'ஸூலூ' (1964). அதில் அவர் மேட்டுக்குடி ராணுவ அதிகாரி. சொந்தப் பேச்சை வெளியே விட்டுவிட்டு நடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 'இப்க்ரெஸ் ஃபைல்', 'ஆல்ஃபி' படங்களில் காக்னியாகவே பேசி உச்சிக்குப் போனார். 45 ஆண்டு கழித்து, தான் வளர்ந்த பகுதியிலேயே இருந்த ஹேகேட் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நடந்த படப்பிடிப்பில், கிழவராக நின்று, போதைக் கும்பல் பையனாக வரும் ஓ'கானலைக் கட்டிவைத்து உண்மையை வரவழைக்கிறார். ஒரு தலைமுறை ஏழைப் பேச்சு நாயகனாகிவிட்டது. அடுத்த தலைமுறை ஏழைப் பேச்சு இன்னும் ரௌடி. அந்தக் குடியிருப்பையும் பின்னர் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

இது நமக்குத் தெரியாத கதையா? தமிழ்ப் படங்களில் வடசென்னைப் பேச்சு பல காலம் ரௌடிக்கும் காமெடியனுக்கும் ஒதுக்கப்பட்டது. நாயகன் ரிக்‌ஷா ஓட்டினாலும் காதல் காட்சியில் சுத்தத் தமிழுக்கு மாறிவிடுவான். அந்தப் பேச்சு, அதைப் பேசுகிறவர்களின் காதலையும் அரசியலையும் சுமக்க பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014) வர வேண்டியிருந்தது. 'அட்டகத்தி'யைத் தயாரித்த சி.வி. குமார்தான் அதே ஆண்டு 'பீட்சா' என்ற திகில் படத்தையும், மறு ஆண்டு 'சூது கவ்வும்' என்ற ஆள்கடத்தல் படத்தையும் தயாரித்தார். சின்னப் பட்ஜெட், புது இயக்குநர்கள். இரண்டிலும் விஜய் சேதுபதி. துபாயில் கணக்கெழுதிவிட்டுத் திரும்பி, கூட்டத்தில் ஒருவராக நின்று நின்று மேலே வந்தவர். அலட்டாமல், பாதிச் சொல்லை விழுங்கிப் பேசுகிற அவருடைய பேச்சைப் பெரிய படம் எதுவும் அன்று ஒப்புக்கொண்டிருக்காது. பேயும் கடத்தலும் உள்ள சின்னப் படங்களில் பார்வையாளர் கவனம் கதையில் இருக்கும். நாயகன் எப்படிப் பேச வேண்டும் என்ற சட்டம் கொஞ்சம் தளரும். டெர்பியிலும் ராஜபாளையத்திலும் பிறந்தவர்கள் நுழைந்தது ஒரே மாதிரியான கதவு வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

ஓ'கானலுக்குக் கதவு முழுதாகத் திறந்தது 2013-ல். படத்தின் பெயர் 'ஸ்டார்ட் அப்'. தமிழில் எழுதினால் பெங்களூர்க்காரர்கள் கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைத்துக்கொள்வார்கள். இது சிறைச் சொல். இளங்குற்றவாளிகளுக்கான சிறையில் அடக்க முடியாத பையனை வயது வருமுன்பே பெரியவர்கள் சிறைக்கு மாற்றுவதற்கு அந்தப் பெயர். 19 வயது எரிக் அப்படி மாற்றப்படும் சிறையில் அவனுடைய அப்பாவும் கைதி. எழுதிய ஜொனாதன் ஆஸர் லண்டன் வாண்ட்ஸ்வொர்த் சிறையில் கைதிகளோடு உட்கார்ந்து பேசிப் பேசியே அவர்கள் கோபத்தை ஆற்றும் வேலை பார்த்தவர். சிறைப் பேச்சு அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நம்மவர்களும் கீழே எழுத்து ஓடுமா என்று தேடுவார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. அதைப் பற்றிக் கவலையும் வரவில்லை. இயக்குநர் டேவிட் மெக்கன்ஸி, பார்வையாளனுக்காக யாரையும் நிறுத்தி நிதானமாகப் பேச வைக்கவில்லை. இதுவரை ரௌடிக்கு என்று இருந்த அதே நாக்கு இந்தப் படத்தில் அழுகிறது, வாதாடுகிறது, அப்பாவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது.

அடுத்த ஆண்டு ''71'. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் படத்துக்காகத்தான்.

1971, பெல்ஃபாஸ்ட். வட அயர்லாந்தின் தலைநகரம் கத்தோலிக்கர் தெரு, புராட்டஸ்டண்டுகள் தெரு என்று பிரிந்து கிடக்கிறது. புதிதாக வந்து இறங்கிய பிரிட்டிஷ் சிப்பாய் கேரி ஹூக், கலவரத்தில் தன் படையினரால் தவறவிடப்படுகிறான். கூட இருந்தவன் கண்முன் சுடப்பட்டுச் சாகிறான். ஓர் இரவு முழுக்க அந்த நகரத்தில் ஒளிந்து திரிய வேண்டும். படம் அவ்வளவுதான். இயக்கியவர் யான் டெமாஞ்ச். பாரிஸில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர், அப்பா அல்ஜீரியர். பெல்ஃபாஸ்ட் தெருக்களாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் பிளாக்பர்ன் முதலான வட இங்கிலாந்து ஊர்களின் தெருக்கள்.

ஹூக் சீருடையை மறைத்துவிடுகிறான். முகம் உள்ளூர் முகம்தான். அவனைக் காட்டிக்கொடுக்கக் கூடியது ஒன்றே ஒன்று, வாய். ஆகவே படத்தின் பெரும்பகுதியில் ஓ'கானல் பேசுவதே இல்லை. தன் பேச்சால் மேலே வந்த நடிகர், பேச முடியாத பாத்திரத்தில்! வழியில் சந்திக்கும் ஒரு பொடியன் அவனிடம் நீ கத்தோலிக்கனா புராட்டஸ்டண்டா என்று கேட்கிறான். தெரியாது என்கிறான் ஹூக். அநாதை விடுதியில் வளர்ந்தவனுக்கு நிஜமாகவே தெரியாது. அந்த ஊரில் அப்படியொரு பதில் இருக்க முடியும் என்பதையே பொடியனால் நம்ப முடியவில்லை.

1991 டிசம்பரில் எனக்குப் பதினோரு வயது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன, பலர் ரயிலேறித் தமிழ்நாட்டுக்கு ஓடினார்கள். ஆனேக்கலில் எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அப்பா தையற்கடை வைத்திருந்தார். பெயர்ப்பலகையில் கன்னடத்துக்குக் கீழே தமிழில் ஒரு வரி இருக்கும். ஒரு நாள் காலையில் அந்த வரி இல்லை. பலகையின் அதே நீல வர்ணத்தை வாங்கி இரவோடு இரவாக அவரே பூசியிருந்தார்.

அம்மா எங்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தாள். வெளியில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது. 'அம்மா' என்று கூப்பிடலாம், கன்னடத்திலும் அம்மாதான். 'அப்பா', 'அக்கா', 'அண்ணா' எல்லாம் ஆபத்தில்லை. 'தம்பி' கூடாது. கன்னடக்காரர்கள் 'தம்மா' என்பார்கள். ஓர் எழுத்தில் மாட்டிக்கொள்வோம். 'வாடா' கூடாது, 'பாரோ'. எண்ணும்போது கவனம். என் தம்பிக்கு அப்போது ஆறு வயது. கடைத்தெருவில் அவன் கையை நான் விட்டதும், கூப்பிட வாய் வராமல் பின்னாலேயே ஓடியதும் நினைவிருக்கிறது. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. எங்கள் அப்பா ஆசையாக வைத்தது சுத்தமான தமிழ்ப் பெயர்.

திராவிட மொழிகளின் ஒலி உறவுகளைப் பற்றி நான் கேட்ட முதல் பாடம் அது. பிற்பாடு எம்.ஏ. வகுப்பில் கால்டுவெல்லைப் படித்தபோது அம்மாவின் குரல்தான் கேட்டது. 2016 செப்டம்பரில் மறுபடியும் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் கொத்தாக எரிந்த அன்று, அம்மா போனில் என்னிடம் பேசியது கன்னடத்தில். சாவதானமாக, சாதாரண விஷயம் மாதிரி. அக்கம்பக்கத்தாருக்கும் எங்களுக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1991-ல் எங்களைத் தன் வீட்டுக்கு வந்து படுக்கச் சொன்னவர் எதிர்வீட்டுக் கன்னட ஆசிரியர். ''71'-லும் அடிபட்ட ஹூக்கைத் தூக்கிப்போய்த் தையல் போடுவது எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஓர் அப்பாவும் மகளும்தான். அங்கே ஒரு சின்னப் பேச்சு வருகிறது. மகள் நாட்டிங்ஹாமைப் பற்றிச் சொல்ல, டெர்பிக்காரர்களுக்கும் நாட்டிங்ஹாம்காரர்களுக்கும் ஆகாது என்கிறான் ஹூக். ஏன் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. ஓ'கானல் சொந்த நாக்கில் அதைச் சொல்கிறார். அரங்கில் சிரிப்பு வந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஆண்டு, 2015 மே மாதம், கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது ழாக் ஓடியாரின் 'தீபன்'. பிரெஞ்சுப் படம், ஆனால் பேச்சில் பெரும்பகுதி தமிழ். நாயகன் ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்வயதில் இயக்கத்தில் சேர்ந்து, வெளியேறி, 1993-ல் பிரான்ஸ் போய்ப் பாத்திரம் கழுவி, கடையில் சாமான் அடுக்கி, 'கொரில்லா' எழுதியவர். அவரை வளர்ந்து வரும் நடிகர் என்று சொன்னால் சிரிப்பார்; அப்போது வயது 48 இருக்கும். படத்தின் முதல் பாதி யுத்தத்தின் மிச்சம், பின்பாதி போதைக் கும்பல் ஆளும் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. சாம் பெக்கின்பா இங்கிலாந்தின் கார்ன்வாலில் எடுத்த 'ஸ்ட்ரா டாக்ஸ்' (1971) தான் தன் யோசனைக்கு வித்து என்று ஓடியார் சொல்லியிருக்கிறார். ஆக ஓ'கானல் படங்களுக்கு இது தூரத்து உறவு.

அதில் ஒரு காட்சியை மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். அகதி விண்ணப்ப விசாரணை. ஏஜென்ட் சொல்லிக் கொடுத்த கதையைத் தீபன் ஒப்பிக்கிறான். பிரெஞ்சு அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அது பொய்யென்று தெரியும். இதே கதையை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறார். அதிகாரி பக்கத்தில் இருக்கும்போதே தமிழில் அவனை மடக்குகிறார். இரண்டு தமிழர்களுக்கிடையே ஓர் உயிர் முடிவாகிறது, அதிகாரி பேனாவோடு காத்திருக்கிறார். படம் நெடுக ஷோபாசக்தியின் யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்படியே இருக்கிறது. 'தெனாலி'யில் (2000) நாம் கைதட்டிச் சிரித்த பேச்சு, யாரையும் சிரிக்கவைக்காமல் இரண்டு மணி நேரம் திரையில் நடமாடுகிறது. தமிழ் தெரியாத ஒரு டைரக்டர் அதை மாற்றவில்லை. தமிழ் தெரிந்திருந்தால் மாற்றியிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஓ'கானலை அமெரிக்கா கூட்டிக்கொண்டு போனது. ஏஞ்சலினா ஜோலியின் 'அன்புரோக்கன்' (2014) படத்தில் ஜப்பானியர் முகாமில் வதைபட்ட அமெரிக்க ஓட்டக்காரர் லூயி ஸாம்பெரினி வேடம். உழைத்திருக்கிறார், உடல் இளைத்திருக்கிறார், கலிபோர்னியா உச்சரிப்பும் சுத்தம். அதே வேடத்தில் இன்னும் பத்துப் பேரைக் கற்பனை செய்ய முடிகிறது, அதுதான் சிக்கல். எரிக் வேடத்திலோ ஹூக் வேடத்திலோ அப்படி முடியவில்லை. 2025-ல் அவர் மறுபடி திகிலுக்கு வந்தார். 'ஸின்னர்ஸ்' படத்தில் ரத்தம் குடிக்கும் அயர்லாந்துக்காரன். அப்பாவின் நாட்டுப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே கொல்ல வருகிறான். அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தேன்.

என் பிழைப்பில் இப்போது பாதி சப்டைட்டில் வேலை. இரண்டு வரி, ஆறேழு விநாடி. அதற்குள் கண்ணால் படித்து முடிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பிரிட்டிஷ் சிறைத் தொடர் வந்தது. பெயர் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. வேலை கொடுத்த நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் முதல் விதி, வட்டார வழக்கு கூடாது, எல்லோருக்கும் புரியும் பொதுத்தமிழ் வேண்டும். காரணம் நியாயமானதுதான். தூத்துக்குடியிலும் டெல்லியிலும் சிங்கப்பூரிலும் ஒரே வரியைப் படிக்கிறார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஜிகணியில் ஷிப்டு வேலை பார்க்கும் என் தங்கை மகன் இரண்டு பகுதிகள் பார்த்துவிட்டு, "மாமா, இவன் கத்திக்குத்து கேஸ்ல உள்ள வந்தவனா, ஆகாஷவாணியில நியூஸ் வாசிக்கிறவனா?" என்றான்.

அதற்குப் பிறகு வந்த பகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருட்டுத்தனம் செய்தேன். 'இல்லை' என்பதை 'இல்ல' ஆக்கினேன். திருப்பி அனுப்பினார்கள். 'என்னப்பா' என்று போட்டேன், விட்டுவிட்டார்கள். 'மேட்' என்ற சொல் ஒரு பகுதியில் நாற்பது முறை வருகிறது. 'நண்பா' என்று எழுதக் கை கூசியது. சிறையில் எவனும் எவனையும் நண்பா என்று கூப்பிட மாட்டான். 'மச்சி' சென்னைக் கல்லூரி வாசனை. தங்கை மகனைக் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "குரு-ன்னு போடுங்க மாமா." பெங்களூர்த் தெருவில் கன்னடப் பையன்களும் தமிழ்ப் பையன்களும் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது அப்படித்தான். சரிபார்ப்பவர் அதை ஏதோ மரியாதைச் சொல் என்று எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது. நான்காம் பகுதியில் ஓர் இடத்தில் இன்னும் இருக்கிறது.